றைவர் பக்கம்

தாரகன் அந்தக் காரை வாங்கியபோது ஜேர்மனியில் வுப்பர்டாலில் இருந்த தமிழர் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: ஊர் ஞாபகம். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒரு காலத்தில் ஓடித் திரிந்த மொறிஸ் மைனரைக் கண்டதும் மனிதனுக்கு நெஞ்சு உருகிவிட்டது, வேறென்ன என்றார்கள். ஒரு கல்யாண வீட்டில் தம்பித்துரை அண்ணை அவனுடைய தோளில் கையை வைத்துக்கொண்டு தன்னுடைய கண்ணைத் துடைத்தார். உண்மையைச் சொன்னால், ஊரில் இருந்த காலத்தில் தாரகன் அந்தக் காரில் ஒருமுறைகூட ஏறியதில்லை. பக்கத்து ஊரான ரெம்ஷைடில் ஒருவர் விற்கப் போட்டிருந்தார். ஸ்ரியரிங் வலப்பக்கம் இருந்தபடியால் ஜேர்மன்காரர் எவரும் சீண்டவில்லை, மலிவாகக் கிடைத்தது. மலிவாகக் கிடைக்கும் சாமானை விட்டுவிட்டு வருகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

வேலியால் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்ட கதை என்று அவனுடைய மனைவி சாரங்கா அன்றைக்கே சொன்னாள். ஓணான் கடிக்க ஒரு வருடம் எடுத்தது. தாரகன் இருபத்தைந்து வருடம் பார்சல் வான் ஓடியவன். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் பெட்டி சுமந்தவன். முதுகெலும்பில் தட்டு விலகி, ஒப்பரேசன் செய்து, இரண்டு முள்ளெலும்புகளைத் திருகாணி போட்டுப் பூட்டினார்கள். இப்போது அதே கொம்பனியில் மற்றச் சாரதிகளுக்கு வழி சொல்லும் மேசை வேலை. அதையும் பாதி நேரம் நின்றுகொண்டுதான் செய்கிறான்.

இனிக் கார் ஓடலாமா என்று கேட்டதற்கு டொக்டர், உங்கள் உடம்பே சொல்லும், அது சொல்வதைக் கேட்டு நடங்கள் என்றார். நல்ல புத்திமதிதான், ஆளறிந்து சொல்லியிருக்க வேண்டும். தாரகனுடைய உடம்பு என்ன சொன்னாலும் வாய் ஒன்றைத்தான் சொல்லும்: “ஒண்டுமில்லை.” பல்லுக் குத்தினாலும் ஒண்டுமில்லை, காய்ச்சல் கொதித்தாலும் ஒண்டுமில்லை. ஒப்பரேசன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது தாதி என்ன செய்கிறது என்று கேட்க, அவளுக்கும் அதையே ஜேர்மன் மொழியில் சொன்னான்.

புண் ஆறியதும் அவன் செய்த முதல் வேலை, மொறிஸில் சாரங்காவையும் ஏற்றிக்கொண்டு வீட்டுத் தெருவால் கீழே இறங்கியது. அவர்களுடைய வீடு ஓல்பெர்க் மேட்டில் இருக்கிறது. தெரு முழுவதும் கருங்கல் பதித்தது. செங்குத்தாக இறங்கி ஒரு வளைவு எடுத்துப் போகும். காரின் முன்பக்கம் தேய்ந்து இறுகிப் போயிருந்தது. தெருவில் இருந்த ஒவ்வொரு கல்லையும் அது எடுத்து அவனுடைய முதுகில் வைத்தது. கீழே போய் இறங்கியபோது அவனுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. என்னப்பா என்று சாரங்கா கேட்டாள், ஒண்டுமில்லை என்றான். அன்றைக்குப் படுத்தவன் நாலைந்து நாள் எழும்பவில்லை.

அந்த நாட்களில்தான் சாரங்காவுக்குப் பயம் பிடித்தது. நோவைப் பார்த்து அவள் பயப்படவில்லை. நோ எவ்வளவு என்று தெரியாததுதான் அவளைத் தின்றது. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுக்கிற மனிதனுக்கு எங்கே நோகிறது என்பதை அவன் மூச்சு விடுகிற விதத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. இப்படியே ஒரு நாள் பெரிதாக எதுவோ முறிந்த பிறகுதான் தனக்குத் தெரியவரும் என்று அவள் நம்பத் தொடங்கினாள். காரை வித்துப்போடுங்கோ என்றாள். டோர்ட்முண்டில் கல்யாணக் கார் வாடகைக்கு விடும் முகுந்த் அந்த மொறிஸை எப்போதிருந்தோ கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு போன் அடித்தால் மறுநாளே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

தாரகன் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டவன் அல்ல. அன்றைக்குக் கேட்டான். காரில் பிழை இல்லை, அதன் முன்பக்கத்தில்தான் பிழை, அதைத் திருத்தினால் கல் தெரியாது என்றான். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். முன்பக்கத்தைத் திருத்துவது. திருத்திய பிறகு அதே தெருவால் ஒரு தடவை இறங்குவது. நொந்தால் கார் முகுந்துக்கு, நோகாவிட்டால் கார் வீட்டில் நிற்கும். நொந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் தாரகன். கள்ளனே நீதிபதியாக இருக்கும் வழக்கு இது என்று சாரங்காவுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்துச் சம்மதித்தாள்.

கராஜில் கொடுத்துச் செய்விக்க அவர்களுக்குக் கட்டாது. தாரகனால் காருக்குக் கீழே போக முடியாது. அப்படியென்றால் ஸ்பானரைப் பிடிக்கப் போவது யார்? சாரங்கா ஒரு பல் லாபில் வேலை செய்கிறாள். உடைந்த பல்லுக்கு மூடியும் பாலமும் செய்வது அவள் தொழில். ஒரு மயிரிழை உயர்ந்தால்கூட ஆளுக்குச் சோறு இறங்காது. சின்ன இரும்பு தெரிந்தவளுக்குப் பெரிய இரும்பு தெரியாமலா போகும் என்று தாரகன் சொன்னான். வேறு வழி இல்லாதபடியால் அது அவளுக்கும் நியாயமாகப் பட்டது.

ரோன்ஸ்டோர்ஃபில் ஊவெ என்ற ஒருவர் ஒரு பெரிய கொட்டகை வைத்திருந்தார். காரைத் தூக்கும் லிஃப்ற்றையும் ஸ்பானர் முதலிய ஆயுதங்களையும் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடுவார். வேலையைக் காரைக் கொண்டுவருகிறவரே செய்ய வேண்டும். சனிக்கிழமைகளில் போனார்கள். தாரகன் ஒரு உயரமான கதிரையில் குத்துக்கல்லு மாதிரி இருந்து சொல்லுவான், சாரங்கா தூக்கிய காருக்குக் கீழே நின்று செய்வாள்.

முதல் நாள் கார் மேலே போனதும் அவள் அண்ணாந்து பார்த்து ஸ்பிரிங்கைத் தேடினாள். காருக்கு ஸ்பிரிங் இருக்கும், சுருள் சுருளாக இருக்கும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. முன்சில்லில் இருந்து பின்பக்கமாக, காரின் வயிற்றோடு ஒட்டி, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நேரான கம்பிகள் போயின. தடிப்பு அவளுடைய பெருவிரல் அளவு. ஸ்பிரிங் எங்கையப்பா என்றாள். அதுதான் ஸ்பிரிங் என்றான் தாரகன். பகிடி விடுகிறான் என்று நினைத்தாள்.

ஊவெ அதைப் பார்த்துவிட்டு ஒரு சோக்குக்கட்டியோடு வந்தார். கம்பியின் ஒரு முனையில் இருந்து மறுமுனைவரை நேராக ஒரு கோடு இழுத்தார். பிறகு சில்லைத் தாங்கும் இரும்புக் கைக்குக் கீழே ஒரு நீண்ட ஜாக்கியை வைத்து மெல்ல மெல்ல உயர்த்தினார். சாரங்கா கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கோட்டின் முன்முனை மட்டும் ஒரு பக்கமாக நகர்ந்தது. பின்முனை நின்ற இடத்திலேயே நின்றது. நேராக இருந்த வெள்ளைக் கோடு கம்பியைச் சுற்றி, அவளுடைய கண்ணுக்கு முன்னாலேயே, ஒரு கொடிபோல வளைந்து ஏறியது. ஜாக்கியை இறக்கினார். கோடு திரும்பி நேரானது.

அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. இரும்பு முறுகும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள், கண்டதில்லை. ஒரு காரின் பாரம், அதில் ஏறி இருக்கிற ஆட்களின் பாரம், எஞ்சினின் பாரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல், ஈரத் துணியைப் பிழிவது போல இந்தக் கம்பி தன்னைத் தானே பிழிந்துகொண்டு நிற்கிறது. அறுபது வருடமாக நிற்கிறது. கார் சும்மா நிற்கிற நேரத்திலும் பாரம் அதன்மேல்தான். இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லி ஊவெயைக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே செய்து காட்டினார். அதற்குப் பிறகு சனிக்கிழமை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது தாரகன் மட்டும் அல்ல.

செய்ய வேண்டிய வேலை இதுதான். குலுக்கத்தை அடக்குகிற பழைய டம்பர்கள் எண்ணெய் ஒழுகிச் செத்துப் போயிருந்தன. அவற்றின் வேலைக்கு இந்தக் காலத்துக் கார்களில் இருப்பதுபோல நீளமான குழாய் டம்பர்களைப் போட வேண்டும். ஹாகனில் ஒருவர் அப்படி ஒரு சோடியை வாங்கி வைத்துவிட்டுப் பூட்டாமலே காரை விற்றுவிட்டார். அதை அரைவிலைக்கு எடுத்தார்கள். மூட்டுகளில் கல்லுப்போல இறுகிய ரப்பர் புஷ்களைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். முறுக்குக் கம்பிகளைப் புதிதாக வாங்கக் கையில் வசதி இல்லை, தேவையும் இல்லை. கழற்றி, துருக்கறள் சுரண்டி, பெயின்ற் அடித்துத் திரும்பவும் போட்டால் போதும் என்று ஊவெ சொன்னார்.

கம்பிகளைக் கழற்றிய அன்றைக்குக் கொட்டகையில் இன்னும் நாலு பேருடைய கார்கள் கழன்று கிடந்தன. தங்களுடைய சாமானை வேறு யாரும் மாறி எடுத்துவிடக் கூடாது என்று சாரங்கா ஒரு கெட்டித்தனம் செய்தாள். அடையாளத்துக்கு ஒட்டும் ரேப்பில் தமிழில் எழுதினாள். ஸ்ரியரிங் இருக்கிற பக்கத்துக் கம்பியில் ‘றை’ என்று ஒட்டினாள், றைவர் பக்கம். மற்றதில் ‘மற்’ என்று ஒட்டினாள், மற்றப் பக்கம். வீட்டில் பல்கனியில் வைத்து அவற்றைச் சுரண்டிப் பெயின்ற் அடித்தது தாரகன், நின்றபடி செய்யக்கூடிய வேலை அது. ரேப்பைக் கழற்றாமல் பெயின்ற் அடிக்க முடியாது என்பதால் கழற்றினான். காய்ந்த பிறகு முனையில் வெள்ளையால் அழகாக ஒன்றில் L என்றும் மற்றதில் R என்றும் எழுதினான். லிங்ஸ், றெஹ்ற்ஸ்; இடம், வலம். ஜேர்மன் நாட்டில் இருபத்தைந்து வருடம் ஒழுங்காக வேலை செய்தவனுடைய ஒழுங்கு அது.

L இடப்பக்கம் போனது, R வலப்பக்கம் போனது. கம்பியின் இரண்டு முனையிலும் பல்லுப் பல்லாக வெட்டியிருந்தது; அதை இன்னொரு பல்லுக்குள் சரியாக நுழைத்தால்தான் கார் சரியான உயரத்துக்கு வரும். பல்லைப் பல்லில் இருத்துவது சாரங்காவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய வேலை இல்லை. காரைக் கீழே இறக்கியபோது அது குறித்த உயரத்தில் வந்து கச்சிதமாக நின்றது. தாரகன் கதிரையை விட்டு எழும்பி வந்து, ஏறி இருந்து, எஞ்சினை ஸ்ரார்ட் செய்தான். முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வருகிறேன் என்றான். வண்டி ஓடத் தகுதியா என்று பார்க்கும் ட்யூஃப் பரிசோதனை முடியாமல் கொட்டகையை விட்டு வெளியே எடுக்க விடமாட்டேன் என்று ஊவெ மறித்தார். தாரகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினான். அதற்கு ட்யூஃபில் கிடைத்த Termin, குறித்துக் கொடுத்த நாள், இரண்டு கிழமை தள்ளி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது காரின் மூக்கு இறங்கியிருந்தது.

சாண் ஏற முழம் சறுக்கிய கதை. சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் போன கிழமை நாலு விரல் போன இடத்தில் இப்போது இரண்டு விரல் போகவில்லை. இரண்டு பக்கமும் அப்படித்தான். கார் ஒரு அடிகூட ஓடவில்லை, நின்ற இடத்தில் நின்றபடி இறங்கியிருந்தது. தன்னுடைய வேலையில்தான் பிழை என்று சாரங்கா நினைத்தாள். ஊவெ குனிந்து பார்த்தார், டோர்ச் அடித்துப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து, கம்பிகளைப் பக்கம் மாற்றிப் போட்டீர்களா என்று கேட்டார்.

இல்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சாரங்காவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. நோயாளியின் வலது பல்லு பார்க்கிறவனுக்கு இடப்பக்கம் இருக்கும். அந்தத் தலைகீழான கணக்கில் இத்தனை வருடம் வேலை செய்து ஒரு பல்லையும் பக்கம் மாற்றிச் செய்யாதவள் அவள். யானைக்கும் அடி சறுக்கும் என்பது யானையைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டம் இல்லை என்று தாரகன் பக்கம் திரும்பினாள்.

“நீங்கள் L எண்டு எழுதின கம்பியிலை, என்ரை ரேப் என்னெண்டு இருந்தது?”

“றை எண்டு. றைவர் பக்கம்.”

“பிறகேன் L எண்டு எழுதினீங்கள்?”

“றைவர் பக்கம் இடப்பக்கம்தானே,” என்றான் தாரகன்.

கார் அவர்களுக்கு முன்னால் நின்றது. அதன் ஸ்ரியரிங் எல்லோரும் பார்க்கும்படி வலப்பக்கத்தில் இருந்தது. தாரகன் அந்த ஸ்ரியரிங்கைப் பார்த்தான். தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்தான். பேயறைந்தவன் போல ஆகிவிட்டான்.

“இருபத்தைஞ்சு வருசம் நான் இடப்பக்கம் இருந்தனான், சாரங்கா,” என்றான். “என்ரை கைக்கு வேறை பக்கம் தெரியாது.”

என்ன நடந்தது என்று ஊவெக்கு விளக்க வேண்டியிருந்தது. சாரங்கா கார்க் கண்ணாடித் தூசியில் விரலால் ‘றை’ என்று எழுதிக் காட்டி, அதை எப்படி வாசிப்பது என்றும் சொன்னாள். R என்ற சத்தம்தானே, நான் என்றால் றெஹ்ற்ஸ் என்று நினைத்து வலப்பக்கம் போட்டிருப்பேன் என்றார் ஊவெ. தமிழ் ஒரு எழுத்தும் தெரியாதவன் கையில் கொடுத்திருந்தால் சரியாகப் போட்டிருப்பான். தமிழ் தெரிந்த இரண்டு பேர், தாலி கட்டி இருபது வருடம் ஒன்றாக இருந்தவர்கள், ஒரு எழுத்தில் விழுந்து எழும்பியிருக்கிறார்கள். சாரங்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஊவெ சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அவர் சொன்னது இதுதான். இந்தக் கம்பி புதிதாக வரும்போது அதற்குப் பக்கம் இல்லை, எந்தப் பக்கமும் போடலாம். ஒரு பக்கத்தில் போட்டுப் பாரத்தை ஏற்றிவிட்டால் அது அந்தத் திசைக்குப் பழகிவிடும். அறுபது வருடம் வலமாக முறுகிய இரும்பை இடமாக முறுக்கினால் அதற்குத் தாங்கும் பலம் குறைந்துவிடும். மெல்ல மெல்ல இறங்கும். இறங்கிக்கொண்டே இருந்து ஒரு நாள் ஒரு குழியில் விழும்போது முறியும், முறிந்தால் அந்தப் பக்கத்துச் சில்லில் கார் விழுந்துவிடும். கம்பியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரும்புக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் சாரங்காவின் மனதில் இரண்டு எண்ணம் ஒன்றாக வந்தன. ஒன்று, ஆச்சரியம். உயிர் இல்லாத ஒரு கம்பி, தான் எந்தப் பக்கத்தைச் சுமந்தது என்பதை அறுபது வருடமாகத் தனக்குள் வைத்திருக்கிறது, ரேப்பை மாற்றினாலும் எழுத்தை மாற்றினாலும் அது மாறுவதில்லை. மற்றது, போன கிழமை அதே காரில் தாரகன் ஏறி இருந்து சாவியைத் திருப்பியது. ஊவெ மறிக்காவிட்டால் முற்றத்தோடு நின்றிருப்பானா அவன்? அதை நினைத்ததும் அவளுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கம்பியில் வந்த ஆத்திரம் இல்லை அது.

“ஏலாது எண்டு இந்த இரும்பு ஒரு கிழமையிலை சொல்லிப்போட்டுது,” என்றாள். “எல்லாருக்கும் தெரிய இறங்கிக் காட்டிப்போட்டுது. நீங்கள் எப்ப சொல்லப்போறீங்கள்?”

தாரகன் கதிரையில் போய் இருந்து நிலத்தைப் பார்த்தான். ஊவெ, விளங்காத மொழியில் புருசன் பெண்சாதி சண்டை வருகிறது என்று தெரிந்ததும் தேநீர் போடப் போய்விட்டார். அவ்வளவு இங்கிதம் உள்ள மனிதர்.

கம்பிகளைத் திரும்பவும் கழற்றினார்கள். ஒரு கிழமை தலைகீழாகப் பாரம் சுமந்ததில் எங்காவது வெடித்திருந்தால் அவற்றைப் போடவே கூடாது. வெடிப்பைக் காட்டுகிற சிவப்பு மை ஒன்று இருக்கிறது, வெடிப்புக்குள் இறங்கி நின்று காட்டிக்கொடுக்கும், ஆனால் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்றார் ஊவெ. சாரங்கா கம்பிகளைக் குளிக்கிற துவாயில் சுற்றிக்கொண்டு லாபுக்குப் போனாள். தொங்கு ரயிலில் நல்ல சனம். ஆற்றுக்கு மேலே பெட்டி ஆடிக்கொண்டு போக, இரண்டு கம்பிகளையும் குழந்தைப் பிள்ளையைப் பிடிப்பதுபோல மடியோடு அணைத்துக்கொண்டு இருந்தாள். திரைச்சீலை தொங்கவிடுகிற கம்பியா என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். காருக்கு என்று சாரங்கா சொன்னதை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு கம்பியின் முனையை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தாள். தாரகன் அடித்த கறுப்புப் பெயின்ற்றை அவனே சுரண்டி எடுத்துக் கொடுத்திருந்தான். சிவப்பு மையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கடைந்த காலத்துக் கோடுகள் சீப்பால் வாரிய தலைபோல ஒரே சீராகப் போயின. பல்லு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் மட்டும் மினுங்குவது தெரிந்தது. பாரம் வந்த பக்கம் அது, அறுபது வருடம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றதில் பளபளத்துப் போயிருந்தது. மறுபக்கம் அராவிய கோடுகள் நேற்று வெட்டியது போல இருந்தன. மற்றக் கம்பியை வைத்தாள். அதிலும் அப்படித்தான், ஆனால் எதிர்ப்பக்கம். ஆளுடைய பல்லைப் பார்த்தால் எந்தப் பக்கக் கொடுப்பால் சப்புகிறான் என்று அவள் சொல்லிவிடுவாள். இரும்பிலும் அதே கதை எழுதியிருந்ததைக் கண்டு அவளுக்குக் கண் கலங்கியது. இதற்கெல்லாம் ஒருத்தி அழுவாளா என்றால், அழுதாள். சிவப்பு ஒரு இடத்திலும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, இந்த முறை ஒரு எழுத்தையும் நம்பாமல் மினுங்கிய பல்லைப் பார்த்து, கம்பிகளை அவற்றின் பக்கத்திலேயே போட்டார்கள். உயரம் வைத்து இறக்கினார்கள். கையை மட்காட்டில் வைத்துக்கொண்டு சாரங்கா நின்றாள். ட்யூஃப் Termin-ஐ இன்னும் ஒரு கிழமை தள்ளிப் போட்டார்கள். அந்தக் கிழமை முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போய்ப் பார்த்தபோது கார் விட்ட இடத்தில், விட்ட உயரத்தில், ஒரு மயிரிழைகூட இறங்காமல் நின்றது. தாரகன் சத்தமில்லாமல் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள்.

ட்யூஃப்காரர் புதிய டம்பர்களுக்கான கடதாசிகளைப் பார்த்தார், காரை ஆட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இனி அந்தத் தெருதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் வண்டி இல்லாத நேரம். தாரகன் வலப்பக்கம் ஏறினான், சாரங்கா ஸ்ரியரிங் இல்லாத இடப்பக்கம் ஏறினாள். ஒப்பந்தம் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. அவள் முகத்தைத் திருப்பி அவனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் கல்லில் இறங்கியது.

அவள் பார்க்க வேண்டியதை மறந்துபோனாள். கல் எங்கே? தெருவில் கல் இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, சில்லுகள் அதில் துள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஆனால் அந்தச் சத்தம் அடுத்த வீட்டில் யாரோ இடியப்ப மாவை இடிப்பது போலத் தூரத்தில் கேட்டது. சில்லு ஏறி இறங்குகிறது, கார் போய்க்கொண்டிருக்கிறது. அவளுடைய காலுக்குக் கீழே, இந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு கம்பிகள் ஒவ்வொரு கல்லுக்கும் முறுகி, விட்டு, முறுகி, விட்டு, அத்தனையையும் தாங்களே வாங்கிக்கொண்டு வருகின்றன. தன்னுடைய கையால் போட்ட கம்பிகள். அவள் ஒரு கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ உயிருள்ளது போல மெல்லிய நடுக்கம் இருந்தது.

வளைவு வந்தது, அதைத் தாண்டி ஒரு குழி வந்தது, கார் அதையும் இறங்கி ஏறியது. கீழே போய் தாரகன் ஓரமாக நிறுத்தினான். அப்போதுதான் அவளுக்கு அவனுடைய முகம் ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தாள். உதடு நன்றாகத்தான் இருந்தது. முகத்தில் நோ தெரியவில்லை. வென்றுவிட்டான் என்று நினைத்தாள். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தாரகன் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தான்.

“நோகுது,” என்றான்.

அவளுக்குச் சரியாகக் கேட்டதோ என்று சந்தேகம் வந்தது. அவன் சாவியை அவளுடைய மடியில் வைத்தான்.

“கனக்க இல்லை. ஆனா நொந்தது. முகுந்துக்குப் போன் அடியும்.”

சாரங்கா சாவியைத் தொடவில்லை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதென்றால் அவள் தோற்றிருப்பாள். அவன் ஒரு சொல் சொல்லாமல் விட்டிருந்தால் கார் அவனுடையது. இந்தக் காருக்காக இவ்வளவு கெஞ்சியவன், கதிரையில் இருந்து இத்தனை சனிக்கிழமை காத்திருந்தவன், யாரும் கேட்காமல் அந்தச் சொல்லைத் தானாக எடுத்து வைத்திருக்கிறான்.

“எங்கை?” என்றாள்.

அவன் அவளுடைய கையைப் பிடித்து இடுப்புக்கு மேலே, வலப்பக்கமாக ஓரிடத்தில் வைத்தான். குழியில் விழுந்தபோது அங்கே ஒரு மின்னல் அடித்தது என்றான். கல்லு ஒன்றும் செய்யவில்லை, குழிதான். பிறகு அவனுக்கு வாய் நிற்கவில்லை. காலையில் சப்பாத்துப் போடும்போது எந்த இடத்தில் நோகும், மேசையில் இருந்தால் எவ்வளவு நேரத்தில் தொடங்கும், வானில் ஓடிய காலத்திலேயே ஒரு கால் மரத்துப் போனதை எப்படி மறைத்தான், ஒப்பரேசனுக்கு முதல் நாள் எவ்வளவு பயந்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இன்னொருவனுடைய காரில் இருக்கிற பிழையை விளக்குவது போலப் பொறுமையாக, ஒன்றையும் விடாமல் சொன்னான். அவள் கையை எடுக்காமல் கேட்டாள். தெருவில் ஒரு நாயும் அதன் ஆளும் போனார்கள். தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான்.

சொல்லி முடிந்ததும் சாரங்கா மூக்கைச் சிந்தித் துடைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, அவனுடைய பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தாள்.

“இறங்குங்கோ, ஏத்தத்துக்கு நான் ஓடுறன்,” என்றாள். “குழிக்கு விலத்தி ஓடுவன். இனி நோகேக்கை நோகுது எண்டு சொன்னா, கார் நிக்கும். மறைச்சீங்களோ, அண்டைக்கே முகுந்துக்கு.”